ஐந்து சொற்களுக்கு ஒரு பத்தி: மெரியம்-வெப்ஸ்டர் காலேஜியேட் அகராதி

அகராதியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு மதிப்புரை எழுதுவோர் அரிது. நன்றாகத் தெரியும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு சொல்லை எடுத்து, அதை அகராதி எப்படிக் கையாண்டிருக்கிறது என்று பார்ப்பதே நடைமுறையில் இயலக்கூடிய சோதனை. மெரியம்-வெப்ஸ்டர் காலேஜியேட் அகராதியின் 11ஆம் பதிப்பை (2003) இங்கே 'பேஷன்' (passion) என்ற சொல்லையும், அதன் உறவுச் சொற்களான ஃபெர்வர் (fervor), ஆர்டர் (ardor), என்தூசியாசம் (enthusiasm), ஸீல் (zeal) ஆகிய நான்கையும் கொண்டு சோதித்திருக்கிறேன். 1,65,000க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ள நூலை ஐந்து சொற்களால் அளப்பது நியாயமா என்று கேட்கலாம். ஆனால் தமிழர்கள் ஆங்கிலத்தில் எழுதும் வேலை விண்ணப்பங்களிலும், வெளிநாட்டுப் படிப்புக்கான நோக்க அறிக்கைகளிலும், நிறுவன அறிமுகங்களிலும் இந்த ஐந்தும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாகத் தாராளமாகப் புழங்குகின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டும் அகராதியே நமக்கு இன்று தேவைப்படுகிறது.

இந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவதிலேயே ஒரு சங்கடம் இருக்கிறது. ஆடை அலங்காரத்தைக் குறிக்கும் ஃபேஷனையும் பலர் ஆய்த எழுத்தை விட்டுவிட்டு 'பேஷன்' என்றே எழுதுகிறார்கள். 2001இல் ஹீரோ ஹோண்டா நிறுவனம் இந்தப் பெயரில் ஒரு மோட்டார் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்ததால், நம் ஊர்களில் இச்சொல்லை முதன்முதலாக பெட்ரோல் டேங்க்கின் மேல் படித்தவர்களும் உண்டு. இக்கட்டுரையில் பேசப்படுவது தீவிர உணர்ச்சியைக் குறிக்கும் பேஷன் மட்டுமே.

நூலின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நோவா வெப்ஸ்டர் தமது பெரிய அமெரிக்க அகராதியை 1828இல் வெளியிட்டார். 1843இல் அவர் மறைந்த பின், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்ப்ரிங்ஃபீல்டைச் சேர்ந்த மெரியம் சகோதரர்கள் அதன் உரிமையை வாங்கினார்கள். மேசையில் வைத்துப் பார்க்கத்தக்க சுருங்கிய வடிவமான காலேஜியேட் வரிசை 1898இல் தொடங்கியது. 'வெப்ஸ்டர்' என்ற பெயரை அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் அகராதிக்குச் சூட்டலாம் என்பதால், பழைய புத்தகக் கடைகளில் வாங்குவோர் 'மெரியம்' என்ற சொல்லும் அட்டையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

இனி பதிவுக்குள் செல்வோம். 'பேஷன்' என்ற தலைப்பின் கீழ் முதலில் நிற்கும் பொருள், இயேசு கடைசி இராவுணவு நடந்த இரவிலிருந்து இறப்பு வரை பட்ட துன்பங்கள் என்பது. அதையடுத்து, நற்செய்தியில் வரும் அந்த வரலாற்றை அடிப்படையாகக் கொண்ட இசைப்படைப்பு என்ற பொருள் வருகிறது. மூன்றாவதாக, வழக்கிழந்துவிட்டது என்ற குறிப்புடன் 'துன்பம்' நிற்கிறது. அதன்பின், புற ஆற்றல்களால் செயலுக்கு உள்ளாகும் நிலை. இவற்றையெல்லாம் கடந்த பிறகுதான் உணர்ச்சி, பகுத்தறிவுக்கு எதிரே நிற்கும் உணர்ச்சிகளின் தொகுதி, அடக்க இயலாத உணர்வு, சினத்தின் வெடிப்பு, தீவிரக் காதல், ஒரு செயலின் மீதோ கருத்தின் மீதோ உள்ள ஈடுபாடு, பாலின வேட்கை ஆகியவை வருகின்றன. 'எனக்குப் புகைப்படக் கலை மீது பேஷன் இருக்கிறது' என்று எழுத விரும்பும் மாணவர் தமக்குரிய பொருளைக் கண்டுபிடிப்பதற்கு முன் ஒரு தேவாலயத்தையும் ஒரு தத்துவ வகுப்பையும் தாண்டி வர வேண்டும்.

இது கவனக்குறைவால் நேர்ந்ததன்று. ஆங்கிலத்தில் எந்தப் பொருள் முதலில் வழங்கியதோ அதை முதலில் வைப்பது இவ்வகராதியின் அறிவிக்கப்பட்ட கொள்கை. நூலின் முன்னுரைக் குறிப்புகளிலேயே அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். முன்னுரையைப் படிக்காமல் நேரே சொல்லைத் தேடும் பழக்கம் உள்ளவர்களுக்கு, முதலில் இருப்பதே முதன்மைப் பொருள் என்ற எண்ணம் இயல்பாக வந்துவிடும். இந்நூலை வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி, இங்கே வரிசை எண் காலத்தைக் காட்டுகிறதே தவிர வழக்கின் பெருக்கத்தைக் காட்டவில்லை என்பதுதான்.

இந்த ஏற்பாட்டால் தொல்லை இருந்தாலும், தமிழ் வாசகருக்கு அதில் எதிர்பாராத ஒரு கொடை இருக்கிறது. சொற்பிறப்புப் பகுதியில், துன்புறுதலையும் ஒன்றன் செயலுக்கு உள்ளாவதையும் குறிக்கும் பிற்கால இலத்தீன் சொல்லிலிருந்தும், அதற்கும் முன் 'பதி' (pati, துன்புறு) என்ற இலத்தீன் வினையிலிருந்தும் பேஷன் வந்தது என்று காட்டி, மேலும் அறிய 'பேஷன்ட்' என்ற பதிவைப் பார்க்கச் சொல்கிறது அகராதி. மருத்துவமனையில் காத்திருக்கும் பேஷன்ட்டும், இலக்கண வகுப்பில் வரும் 'பாசிவ்' என்ற செயப்பாட்டுவினையும், இரக்கம் என்ற பொருளில் வழங்கும் 'கம்பேஷன்' என்ற சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. இப்போது தமிழைப் பாருங்கள். இயேசுவின் துன்பங்களைத் தமிழ்க் கிறித்தவர்கள் 'பாடுகள்' என்கிறார்கள். கத்தோலிக்க வழிபாட்டில் அது 'திருப்பாடுகள்'. பாடு என்பது 'படு' என்ற வினையின் பெயர். செயப்பாட்டுவினையில் உள்ள 'பாடு'ம் அதுவே. 'கொல்லப்பட்டான்', 'அழைக்கப்பட்டாள்' என்று அவ்வினையை ஆக்கித் தருவதும் அதே 'படு'தான். இதோடு நிற்கவில்லை. ஆசைப்படுகிறோம், கோபப்படுகிறோம், பொறாமைப்படுகிறோம், கவலைப்படுகிறோம், வெட்கப்படுகிறோம். உணர்ச்சி என்பது நாம் செய்வதன்று, நமக்கு நேர்வது என்ற பார்வையை ஐரோப்பியத் தத்துவம் 'பேஷன்' என்ற சொல்லில் வைத்திருக்கிறது என்றால், தமிழ் அதைத் தன் அன்றாட வினைகளிலேயே வைத்திருக்கிறது. இயேசுவின் வேதனைக்கும் இசைமோகத்துக்கும் எப்படி ஒரே சொல் வந்தது என்று ஆங்கிலேய மாணவருக்கு வகுப்பில் விளக்க வேண்டியிருக்கும். 'பட்டால்தான் தெரியும்' என்றும் 'ஆசைப்பட்டேன்' என்றும் பேசி வளர்ந்தவருக்கு அவ்வளவு விளக்கம் தேவைப்படாது. (தவக்காலத்தில் நம் ஊர்களில் நடிக்கப்படும் 'பாஸ்கு' நாடகத்தின் பெயர் இச்சொல்லிலிருந்து வந்ததென்று சிலர் கருதுவதுண்டு. அது பாஸ்கா விழாவின் பெயரிலிருந்து வந்தது, இரண்டுக்கும் உறவில்லை.)

பழைய பொருள்களை முன்வைப்பதால் படிப்புக்குக் கிடைக்கும் பயன் பெரிது. பகுத்தறிவு பேஷன்களின் அடிமை என்று தத்துவஞானி டேவிட் ஹியூம் 1739இல் எழுதியதை இன்றைய பொருளில் படித்தால், மனிதர்கள் தத்தம் பொழுதுபோக்குகளுக்கு அடிமையாகிறார்கள் என்று அவர் சொன்னதாகப் பட்டுவிடும். 1727ஆம் ஆண்டின் பெரிய வெள்ளியன்று ஜெர்மனியின் லைப்சிக்கில் இசையமைப்பாளர் பாஹ் அரங்கேற்றிய மத்தேயு பேஷன், இசையின் மீதான மோகத்தைப் பாடுவதன்று. பவேரியாவின் ஓபராமர்காவ் ஊரார் 1633இல் கொள்ளைநோய்க் காலத்தில் நேர்ந்துகொண்டு, 1634 முதல் தலைமுறை தலைமுறையாக நடித்துவரும் பேஷன் நாடகத்தில் காதல் கதை இல்லை. பேஷன் பழத்தின் பெயரும் இப்படித்தான். தென் அமெரிக்காவுக்குச் சென்ற ஸ்பானிய மறைப்பணியாளர்கள், அதன் பூவில் முள்முடியையும் மூன்று ஆணிகளையும் ஐந்து காயங்களையும் கண்டு அதற்குப் பாடுகளின் பூ என்று பெயரிட்டார்கள். பூவின் உறுப்புகளுக்கும் சிலுவைப்பாட்டின் கருவிகளுக்கும் கற்பித்துக்கொண்ட ஒப்புமையே பெயர்க்காரணம் என்பதை அகராதியும் அந்தப் பதிவில் தருகிறது. இலங்கையில் கொடித்தோடை என்றும், நம் மலைப்பகுதிகளில் தாட்பூட் பழம் என்றும் வழங்கும் அதே பழம்தான். ஆங்கிலப் பெயரைக் கேட்டுக் காம உணர்வைத் தூண்டும் கனி என்று எண்ணுவோருக்கு இந்த ஒரு வரி போதும்.

இவையெல்லாம் நல்ல வரலாற்று அகராதி எதிலும் கிடைக்கக்கூடியவை என்று ஒருவர் சொல்லலாம். காலேஜியேட்டை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் வேறு. பேஷன் பதிவின் இறுதியில், சிறிய எழுத்தில், ஐந்து சொற்களையும் ஒன்றாக நிறுத்திப் பிரித்துக் காட்டும் ஒரு பத்தி இருக்கிறது. பேஷன், ஃபெர்வர், ஆர்டர், என்தூசியாசம், ஸீல் ஆகிய ஐந்தும் செயலுக்கு உந்தும் தீவிர உணர்ச்சி என்ற பொதுப்பொருளை உடையவை என்று முதலில் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் ஒதுக்குகிறது அப்பத்தி. பேஷன் ஆழமாகக் கலக்குவது, அல்லது ஆளமுடியாதது. ஃபெர்வர் வெம்மையானது, ஆனால் நிலையானது. ஆர்டர் வெம்மையும் கிளர்ச்சியும் உடையது, ஆனால் விட்டுவிட்டு வருவது அல்லது நெடுநாள் நில்லாதது. என்தூசியாசம் ஒரு திட்டத்திலோ செயலிலோ உள்ள துடிப்பான அக்கறை. ஸீல் ஓர் இலக்கைச் சோர்வின்றித் துரத்துவது. ஆர்டருக்கு அவர்கள் தரும் எடுத்துக்காட்டு, தேனிலவில் இருந்த அது விரைவில் தணிந்துபோயிற்று என்பது. அகராதித் தொகுப்பாளர்களுக்கு நகைச்சுவை உண்டு என்பதற்கு அந்த வரி சான்று.

இந்தப் பத்தியின் அருமை, நம் அகராதி மரபோடு வைத்துப் பார்க்கும்போதுதான் முழுவதும் விளங்கும். திவாகரமும் பிங்கலமும் ஒரு பொருளுக்குரிய பல சொற்களைத் திரட்டி, மனப்பாடம் செய்யத் தக்கவாறு தந்தன. அவை எங்கே வேறுபடுகின்றன என்று சொல்வது நிகண்டின் வேலையாக இருக்கவில்லை. உரையாசிரியர்களே அதைச் செய்தார்கள். அன்பை, வாழ்க்கைத்துணையும் மக்களும் போன்ற 'தொடர்புடையார்கண்' காதல் என்றும், அருளைத் தொடர்பு பற்றாது எல்லா உயிர்கள் மேலும் இயல்பாகச் செல்லும் கருணை என்றும் பரிமேலழகர் பிரித்த பிரிப்பு, காலேஜியேட்டின் பத்தி செய்யும் அதே வேலை. ஆனால் இன்று நாம் வாங்கும் ஆங்கில–தமிழ் அகராதிகள் பெரும்பாலும் நிகண்டின் வழியையே தொடர்கின்றன. ஒரு சொல்லுக்கு எதிரே ஆர்வம், வேட்கை, உணர்ச்சிவேகம், பற்று என்று காற்புள்ளியிட்டு அடுக்கிவிட்டு, எதை எங்கே இடுவது என்பதை வாசகரிடமே விட்டுவிடுகின்றன. பேஷனுக்குத் தரும் சொற்களே ஆர்டருக்கும் ஸீலுக்கும் முறைமாற்றி வந்து நிற்கும்.

பத்தியைப் படித்தபின் தமிழ்ச் சொற்களும் தாமே வரிசைப்படத் தொடங்குகின்றன. ஆளமுடியாதது என்ற குறிப்பைக் கண்டதும், பேஷனுக்கு 'ஆர்வம்' போதாது என்பதும், வேட்கை, பித்து, சில இடங்களில் மோகம் ஆகியவையே நெருங்கி வருகின்றன என்பதும் தெரிகிறது. 'ஆர்வம்' என்தூசியாசத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும். தேவார ஓதுவாரின் குரலில் ஒரே சீராக எரியும் பக்தியுணர்வு ஃபெர்வர். அகராதிப் பத்தியின் எடுத்துக்காட்டும் கவிதையை உரக்கப் படிப்பதைப் பற்றியதே. ஸீலுக்கு 'முனைப்பு' என்று வைக்கலாம். ஆனால் மதமாற்றம், கட்சிப்பணி, ஊழல் ஒழிப்பு போன்ற இடங்களில் அளவுமீறிய முனைப்பு என்ற கசப்பும் அதில் ஏறிவிடும் என்பதை மறக்கக் கூடாது. ஆர்டருக்குத் தனித் தமிழ்ச் சொல் ஒன்றைச் சொல்ல நான் தயங்குகிறேன். அது எரிதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. தீவைப்புக் குற்றத்தைக் குறிக்கும் 'ஆர்சன்' அதன் உடன்பிறப்பு. சட்டென்று பற்றி எரிந்து தணியும் இந்த வெம்மைக்குப் பேச்சுத்தமிழில் 'ஜோர்' என்பார்களே, அது ஓரளவு நெருங்கும்; எழுத்தில் அதை இட முடியாது.

என்தூசியாசம் என்ற பதிவைத் தனியே எடுத்துப் பார்ப்பவருக்கு இன்னொரு விருந்து உண்டு. தெய்வம் உள்ளே புகுந்த நிலை என்ற கிரேக்கப் பொருளில் பிறந்த இச்சொல், 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலத்தில் வசைச்சொல்லாக வழங்கியது. இறைவன் தனக்கு மட்டும் தனியே வெளிப்பட்டதாக நம்பும் வீண் நம்பிக்கை என்றே சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதி அதற்குப் பொருள் எழுதியது. காலேஜியேட் அந்த மதவெறிப் பொருளை முதலில் வைத்து, இன்றைய நல்ல பொருளைப் பின்னால் தருகிறது. சாமியாடுதல் என்ற சொல்லிலிருந்து நாளை ஒரு நிறுவனம் 'சாமியாடும் பணியாளர்கள் தேவை' என்று விளம்பரம் செய்தால் எப்படி இருக்குமோ, அப்படிப்பட்ட பயணத்தை இச்சொல் செய்து முடித்திருக்கிறது.

இனிக் குறைகள். முதலாவது, சுற்றிச் சுற்றி வரும் விளக்கம். பத்திக்கு வெளியே தனித்தனிப் பதிவுகளுக்குப் போனால், ஆர்டரின் பொருள்களில் ஒன்றாக ஸீல் நிற்கிறது. ஸீலை விளக்க 'ஆர்டன்ட்' வருகிறது. என்தூசியாசத்துக்கு மீண்டும் ஆர்டர் வருகிறது. மூன்றும் தெரியாதவர் மூன்று பக்கங்களையும் புரட்டிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடைய கல்லூரி மாணவருக்காக எழுதப்பட்ட நூல் இது என்பதை இதுபோன்ற இடங்கள் நினைவூட்டுகின்றன.

இரண்டாவது குறை நமக்கு இன்னும் முக்கியமானது. சொல்லின் பொருளை இவ்வளவு நுட்பமாகச் சொல்லும் நூல், அதை வாக்கியத்தில் எப்படிப் பொருத்துவது என்பதைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. தமிழில் 'இசையில் ஆர்வம்', 'இசை மீது ஆர்வம்', 'இசையின்பால் ஆர்வம்' என்று மூன்றும் சரி. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் 'பேஷன் இன் மியூசிக்', 'பேஷன் ஆன் மியூசிக்', 'பேஷன் டுவர்ட்ஸ் மியூசிக்' என்று நம்மவர் எழுதுகிறார்கள். பெயர்ச்சொல்லாக வரும்போது 'ஃபார்' என்ற இடைச்சொல்லும், 'பேஷனேட்' என்ற பெயரடையாக வரும்போது 'அபௌட்' என்ற இடைச்சொல்லும் வர வேண்டும். என்தூசியாசத்துக்கும் இதே விதி. ஃபெர்வர் பெரும்பாலும் 'வித்' என்ற சொல்லுக்குப் பின் வந்து, செயலைச் செய்யும் விதத்தைக் குறிக்கும். வெறுப்பின் கடுமையைச் சொல்ல 'வித் எ பேஷன்' என்று ஒரு தொடர் உண்டு. காதலைக் குறிக்கும் சொல்லென்று மட்டும் பேஷனை அறிந்தவர் அதைக் கேட்டுத் திகைப்பார். ஒருவரைப் பார்த்து 'ஹி இஸ் வெரி பேஷன்' என்று எழுதும் பிழைக்கும் இங்கே மருந்து கிடைக்காது.

இந்த வேலைக்கு ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதிதான் ஏற்றது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஏ. எஸ். ஹார்ன்பி, தம் உடன் பணியாளர்கள் இருவருடன் தொகுத்து 1942இல் டோக்கியோவில் வெளிவந்த நூலை, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் தன் பெயரில் வெளியிட்டது. ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாதவர் எங்கே தடுக்கி விழுவார் என்பதை வகுப்பறையில் கண்டறிந்தவர்கள் தொடங்கிய மரபு அது. அதனால்தான் எந்த இடைச்சொல்லைச் சேர்ப்பது என்பதைத் தடித்த எழுத்தில் காட்டுகிறது. எளிய சொற்களின் வரையறுத்த தொகுதியைக் கொண்டே பொருள் எழுதுகிறது. இன்று மிகுதியாக வழங்கும் பொருளை முன்னே வைத்து, இயேசுவின் பாடுகளைக் கடைசியில் வைக்கிறது. ஆனால் ஆர்டரும் பேஷனும் எங்கே பிரிகின்றன என்று அதில் தேடினால், ஒன்றுக்கு மற்றொன்றை ஒத்த சொல் என்று காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. ஒரே மேசையில் இரண்டையும் வைத்துக்கொள்ள முடிந்தவர் பேறுபெற்றவர். ஒன்றுதான் முடியும் என்றால், நாள்தோறும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியவருக்கு ஆக்ஸ்ஃபோர்டையும், ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பவருக்குக் காலேஜியேட்டையும் சொல்வேன்.

சில்லறைச் செய்திகள் சில. காலேஜியேட் அமெரிக்க எழுத்துக்கூட்டலை முதன்மையாகக் கொண்டது. ஆர்டரையும் ஃபெர்வரையும் 'யு' எழுத்தில்லாத வடிவில் தலைப்பிட்டிருக்கும். நம் பள்ளிகளும் அலுவலகங்களும் பிரித்தானிய எழுத்துக்கூட்டலைப் பின்பற்றுவதால், தேர்வு எழுதுவோர் அந்த எழுத்தைச் சேர்த்தே எழுத வேண்டும். உச்சரிப்பைக் காட்ட அனைத்துலக ஒலிக்குறிகளைப் பயன்படுத்தாமல் நிறுவனத்துக்கே உரிய குறிகளைப் பயன்படுத்துகிறார்கள். மொழியியல் படித்தவர்களுக்கு இது எரிச்சலூட்டும், மற்றவர்கள் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள். எழுத்து மிகச் சிறியது. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு, நான் வியந்து பேசிய அந்த ஐந்து சொற்பத்தியைப் படிக்கக் கண்ணாடியோடு நல்ல விளக்கும் வேண்டும். பக்க ஓரத்தில் விரல் வைத்துத் திறக்க வெட்டப்பட்ட எழுத்துக் குழிகளும் உறுதியான கட்டும் பல ஆண்டுகள் தாங்கும்.

நிறுவனத்தின் இணையதளத்தில் சொற்பொருளை இலவசமாகவே பார்க்கலாம். ஒலிப்பைக் கேட்கும் வசதியும் உண்டு. ஆனால் திரையில் பொருள்களுக்கு நடுவே விளம்பரங்கள் வந்து நிற்பதால், ஒரே பார்வையில் முழுப் பதிவையும் காணும் வாய்ப்பு குறைகிறது. துன்பத்திலிருந்து மோகம் வரை ஒரு சொல் நடந்து வந்த வழியைக் கண் முன்னே விரித்துப் பார்க்க அச்சுநூலே உதவும். மொழிபெயர்ப்பாளர்களும், பழைய ஆங்கில இலக்கியமோ தத்துவமோ படிக்கும் முதுகலை மாணவர்களும் இதை வாங்கலாம். பள்ளி மாணவருக்கு வாங்கித் தர நினைக்கும் பெற்றோர், அந்தப் பணத்தில் ஆக்ஸ்ஃபோர்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒத்த சொற்களில் ஐயம் எழும்போது மட்டும் இந்த இணையதளத்தைப் பார்க்கச் சொல்லலாம்.